டெம்ப்ளேட்: வார்ப்புரு அல்ல, முன்வடிவு

“செய்தி வார்ப்புருவைத் தனிப்பயனாக்குதல்.” நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கணினி வகுப்புக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்தத் தொடரை இப்போது யோசிக்காமலே எழுதுகிறார்கள். படிக்கிற பிள்ளைகளோ ‘டெம்ப்ளேட்’ (மடலோ பக்கமோ எழுத முன்கூட்டியே ஆக்கிவைத்த அச்சு), ‘கஸ்டமைஸ்’ என்று மனசுக்குள் ஆங்கிலமாக்கிக்கொண்ட பிறகுதான் பொருளைப் பிடிக்கிறார்கள். தமிழ்ச்சொல்லை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டுமென்றால் அந்தத் தமிழ்ச்சொல் எதற்கு?

வேர் நீளமானதில்லை. ஆங்கிலத்தில் இது முதலில் ‘டெம்ப்லெட்’. தறியில் துணியின் அகலம் சுருங்காமல் விரித்துப் பிடிக்கும் குச்சிக்குப் பிரெஞ்சில் இருந்த பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அதற்கும் முன்னால் லத்தீனில் ஒரு மரத்துண்டு. ‘பிளேட்’ என்ற சொல்லின் சாயல் பின்னால் ஒட்டிக்கொண்டது. களியக்காவிளை தாண்டினால் மலையாள விக்கிப்பீடியாவில் இதற்குப் பெயர் ‘பலகம்’, அதாவது பலகை. வேருக்கு அவர்கள் சொல் பக்கத்தில் இருக்கிறது. மரம், தகடு, பலகை என்று எல்லாமே அளவு பார்க்கவும் பிடித்து நிறுத்தவும் உதவுகிற பொருள்கள். இந்த வரலாற்றில் உருக்கி ஊற்றுகிற வேலை எங்குமே இல்லை.

தமிழ் விக்கிப்பீடியா ‘வார்ப்புரு’ என்று எடுத்துக்கொண்டது. மற்ற மென்பொருள்களிலும் இந்தச் சொல் புழங்குகிறது. வார்த்தல் என்றால் ஊற்றுதல். வார்ப்பு என்றால் ஊற்றி எடுத்த பொருள். வார்ப்பிரும்பு என்பது அச்சில் ஊற்றிய இரும்பு, அச்சு அல்ல. நம் குமரி மாவட்டத்தில் அக்கானி (பதநீர்) காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுக்கிறோம். சிரட்டைதான் அச்சு, கருப்பட்டிதான் வார்ப்பு. சிரட்டையைப் பார்த்து வார்ப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘வார்ப்புரு’ என்ற சொல்லும் காதில் விழுந்தவுடன் கருப்பட்டியைத்தான் காட்டுகிறது. நமக்குப் பெயர் வேண்டியிருப்பதோ சிரட்டைக்கு.

‘வார்ப்புக்கான உரு’ என்று விரித்தால் சரிவராதா என்று கேட்பார்கள். இலக்கணம் இடம் கொடுக்கலாம். வார்ப்புக்குச் சாதகமாக இன்னொன்றும் சொல்லலாம்: வார்த்து எடுத்த பிறகு அச்சை மாற்றினாலும் எடுத்த பொருள் மாறாது, அனுப்பிய மடலும் அப்படித்தான். ஆனால் விக்கியில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே வார்ப்புருவைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் பக்கமெல்லாம் மாறும். ஆக, எந்த இடத்துக்காகச் சொல்லை எடுத்தார்களோ அங்கேயே அது பொருந்தவில்லை.

பெரிய குறை இதுவல்ல. வார்ப்பில் எதை ஊற்றினாலும் அச்சு தன் வடிவத்தை விடாது. தமிழ் மடல் அப்படி இருக்க முடியாது. “அன்புள்ள” என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு, அடுத்து “க்கு” என்று எழுதிவையுங்கள். செல்வி வந்தால் “செல்விக்கு”, சரி. ஜெஸ்டின் வந்தால் “ஜெஸ்டின்க்கு”. லீலா வந்தால் “லீலாக்கு”. ஜெஸ்டினுக்கு, லீலாவுக்கு என்று நிரப்ப மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் வேற்றுமை உருபைப் பெயரில் ஏற்றாமல் நிலையாக நிற்கிற சொல்லில் ஏற்ற வேண்டும்: “அன்புள்ள ஜெஸ்டின் அவர்களுக்கு”. ‘அவர்கள்’ இங்கே மரியாதைக்கு மட்டும் வரவில்லை, உருபையும் சேர்த்துச் சுமக்கிறது. ஊற்றிவிட்டால் போதும் என்று நினைக்கவைக்கும் சொல் இந்த வேலையை மறைத்துவிடுகிறது.

சரியான சொல்லைத் தேட, பொருளை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் திரையிலேயே ஓடும் ‘மட்’ என்ற மின்னஞ்சல் நிரலை எடுத்துக்கொள்வோம். அதில் மடலை எழுதத் தொடங்கி, முடிக்காமல் தள்ளி வைக்கலாம். பிறகு எடுத்து அனுப்பினால் தள்ளி வைத்த படி அழிந்துவிடும். இது வரைவு. இன்னொரு வழி, ஒரு கோப்பில் பெறுநர், பொருள் முதலிய தலைப்பு வரிகளை எழுதி, ஒரு வெற்று வரி விட்டு, கீழே மடலை எழுதி வைப்பது. வெற்று வரியை மறந்தால் மடலின் முதல் வரியையும் தலைப்பாகவே படிக்கப் பார்க்கும். கட்டளை வரியில் கழித்தல் குறியும் பெரிய ‘எச்’சும் போட்டு இந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து மட்டைத் திறந்தால் அதன் படி ஒன்று புதிய மடலாக வரும். மூலக்கோப்பு அப்படியே இருக்கும். கூடவே பெரிய ‘ஈ’யும் போட்டால் திருத்தம் மூலத்திலேயே ஏறிவிடும், கவனம். அனுப்பினால் தீர்ந்துபோவது வரைவு, அனுப்பிய பிறகும் நிற்பது டெம்ப்ளேட். தமிழ்ச்சொல் இந்த வேறுபாட்டைக் காட்டியாக வேண்டும்.

‘மாதிரி’ காட்டாது. பள்ளிக்கூடத்து மாதிரிக் கடிதம் முழுசாக எழுதி முடித்தது, அதைப் பார்த்து எழுதத்தான் முடியும். ‘படிவம்’ மடலைப் பெறுகிறவர் நிரப்பித் தருவது. இங்கே நிரப்புவது அனுப்புகிறவர். ‘அச்சு’ நல்ல சொல், சிரட்டைக்கும் செங்கலுக்கும் அதுவே பொருந்தும். ஆனால் மின்னஞ்சல் பட்டியில் ‘அச்சு’ என்று கண்டால் எல்லோரும் பிரிண்டர் என்றுதான் நினைப்பார்கள்.

‘முன்வடிவு’ என்று சொல்லலாம். சட்டமன்றத்தில் ‘சட்ட முன்வடிவு’ என்று செய்தியில் நாளும் கேட்கிற சொல். முன்கூட்டியே வடிவம் கொடுத்தது, திருத்தத்துக்கு இடமுள்ளது, இன்னும் இறுதியாகாதது என்பது கேட்டவுடன் தெரிகிறது. இடையில் விட்ட இடத்துக்கு ‘நிரப்பிடம்’ போதும்.

மட்டில் பதில் மடலின் தலைவரியும் ஒரு முன்வடிவுதான். ‘இந்தத் தேதியில் இன்னார் எழுதியது’ என்ற அந்த வரியை ‘அட்ரிபியூஷன்’ என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. விழுக்காட்டுக் குறியோடு சின்ன ‘டி’ தேதிக்கு நிரப்பிடம், சின்ன ‘என்’ பெயருக்கு. இரண்டுக்கும் நடுவே ‘அன்று’, கடைசியில் ‘எழுதியது:’ என்று தமிழில் எழுதியும் வரி பாதி ஆங்கிலமாகவே வருகிறதே என்று குழம்புவார்கள். காரணம் தேதி அமைப்பு. அதன் இயல்பு மதிப்பு ஆச்சரியக்குறியில் தொடங்குகிறது. அந்தக் குறி இருக்கும்வரை மாதமும் கிழமையும் ஆங்கிலத்தில்தான் வரும். நடுவில் ‘அட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு, ‘அட்ரிபியூஷன் லொக்கேல்’ என்பதில் தமிழைக் கொடுக்க வேண்டும். கணினியிலும் தமிழ் லொக்கேல் (தேதி, மாதப் பெயர் முதலியவற்றுக்கான மொழி அமைப்பு) நிறுவியிருக்க வேண்டும். மட் ஓடுகிற எழுத்துத் திரையான முனையம், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் இல்லையென்றால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும்.

கையொப்பம் இரண்டு முறை வருகிறது என்பது இன்னொரு புகார். முன்வடிவுக் கோப்பிலும் கையொப்பம், மட்டின் அமைப்பிலும் கையொப்பம். மட் தன்னுடையதையும் சேர்க்கும். கோப்பில் இருப்பதை எடுத்துவிடுவதே நல்லது. ‘ரெசூம் டிராஃப்ட் ஃபைல்ஸ்’ என்ற அமைப்பை இயக்கினாலும் இரட்டிப்பு நிற்கும், ஆனால் அனுப்பும்போது பெறுநரைப் பார்த்து இயங்கும் ‘சென்ட்-ஹுக்’ விதிகளும் சேர்ந்து நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு மனத்தாங்கல். நிரலின் சொற்றொடர்ப் பட்டியலை மட்டும் பார்த்து, கலைச்சொல் அகராதியிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள்; நிரலைத் திறந்து ஒரு முறை இயக்கிப் பார்ப்பதில்லை. மட்டில் ‘எஸ்கேப்’ அழுத்திச் சின்ன ‘இ’ அழுத்தினால், நிற்கிற மடலின் படி புதிய மடலாகத் திறக்கும். இதற்கான ஆங்கில விளக்கத்தில் ‘டெம்ப்ளேட்’ என்ற சொல் வருகிறது. அதைப் பார்த்தவுடன் “தற்போதைய செய்தியைப் புதிய ஒன்றுக்கான வார்ப்புருவாகப் பயன்படுத்துக” என்று எழுதினால் யாருக்குப் புரியும்? “இந்த மடலைப் படியெடுத்துப் புதிய மடல் தொடங்கு” என்றால் முடிந்தது. இந்த இடத்தில் முன்வடிவுகூட வேண்டாம். ‘தனிப்பயனாக்கு’ என்பதும் அப்படித்தான். “முன்வடிவை உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள்” என்று எழுதினால் பிள்ளைகள் நேரே அமைப்புக் கோப்பைத் திறந்துவிடுவார்கள்.