தெளிப்பு மருந்துச் சீட்டின் நாட்கணக்கு ஈஸ்ட்டுக்காக எழுதப்பட்டதல்ல

அழுகிய முட்டை நாற்றத்துடன் இன்னொரு ஒயின் தொட்டியின் மாதிரி இந்த வாரமும் ஆய்வகத்துக்கு வந்தது. திராட்சைத் தோட்டத்தின் தெளிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அறுவடைக்கு 18 நாட்களுக்கு முன்பு நனையும் கந்தகம் (நீரில் கலந்து தெளிக்கும் பூஞ்சைக்கொல்லி) அடித்திருக்கிறார்கள். “மருந்துப் பொதியின் சீட்டில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலத்தை நாங்கள் மீறவில்லையே” என்ற பதிலும் வழக்கம்போல் கூடவே வந்தது.

அந்தக் காலம் யாருக்காகக் கணக்கிடப்பட்டது என்பதைத் தயவுசெய்து யோசியுங்கள். பழத்தில் தங்கும் மருந்து உண்பவருக்குத் தீங்கு செய்யாத அளவுக்குக் குறைய எத்தனை நாள் ஆகும் என்பது மட்டுமே அதன் பொருள். கந்தகம் மனிதருக்குப் பெரிய கேடு செய்யாது என்பதால் பல நாடுகளில் அதற்கு எச்ச வரம்பே இல்லை. ஆகவே சீட்டிலும் நாட்கள் குறைவாகவே இருக்கும். ஈஸ்ட்டோ, சாற்றில் கலந்த கந்தகத் துகளை நொதித்தலின்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஒயினுக்கான பழமென்றால் அறுவடைக்குக் குறைந்தது 35 நாட்களுக்கு முன்பே கந்தகத்தை நிறுத்திவிடுங்கள். “சல்பரை நாமே ஒயினில் சேர்க்கிறோமே” என்பவர்களுக்கு: நீங்கள் சேர்ப்பது சல்பர் டை ஆக்சைடு, இது வேறு பொருள்.

ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான் என்பதைப் பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள் எப்படி மறக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. ஃபோல்பெட், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லிகளின் எச்சம் மிகுந்த சாற்றில் நொதித்தல் தொடங்கவே தயங்கும். பழத்தோலில் இருக்கும் இயற்கை ஈஸ்ட்டை மட்டும் நம்புபவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகும். 1885-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மில்லார்டே அறிவித்த, தாமிர சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை இன்றும் அடிச்சாம்பல் நோய்க்குப் பயன்படுகிறது. ஆனால் அதன் தாமிரம் சாற்றில் மிகுந்தால், சாவிஞ்ஞோன் பிளாங்க் என்னும் வெள்ளை ஒயினின் பழமணத்துக்குக் காரணமான தயால்கள் என்ற கந்தகச் சேர்மங்களைப் பிணைத்து மணத்தை மங்கச் செய்துவிடும்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்து அடிக்காமல் விட்டால், சாம்பல் அழுகல் என்ற பூஞ்சை நோய் தாக்கிய பழத்துடன் வரும் லாக்கேஸ் நொதி ஒயினைப் பழுப்பாக்கும். அதைச் சரிசெய்வது எளிதன்று.

பழம் வாங்கும் முன் தெளிப்புப் பதிவேட்டை வாங்குங்கள். தர மறுப்பவரிடம் பழம் வாங்காதீர்கள். வெள்ளை ஒயினுக்குச் சாற்றைக் குளிரில் தெளியவைத்து, வண்டலை நீக்கிய பிறகே ஈஸ்ட் இடுங்கள். எச்சத்தின் பெரும்பகுதி வண்டலோடு போய்விடும். சிவப்பு ஒயின் தோலோடு நொதிப்பதால் இந்த வழி அதற்குக் கிடையாது. தோட்டத்திலேயே கவனமாக இருப்பதுதான் ஒரே வழி. ஈஸ்ட் உட்கொள்ளும் நைட்ரஜனையும் அளந்துவிடுங்கள். அது குறைந்தாலும் இதே நாற்றம் வரும், தோட்டக்காரர் மீது வீண்பழி விழும். தொட்டியைத் தினமும் முகர்ந்து பாருங்கள். நாற்றத்தை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அது மெர்காப்டனாகவும் பிறகு டைசல்ஃபைடாகவும் (இவையும் நாற்றமுள்ள கந்தகச் சேர்மங்களே) மாறிவிடும். டைசல்ஃபைடான பின், நாற்றத்தை நீக்கத் தாமிர சல்ஃபேட்டைச் சேர்த்தாலும் பலனில்லை.