சைக்கிள் மீட்டர் எப்போது தூங்குகிறது?

வேலூரிலிருந்து ஏலகிரிக்கு சைக்கிள் மிதிப்பவர்களின் ஹேண்டில்பாரில் பெரும்பாலும் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று, வழிகாட்டும் செல்போன். மற்றொன்று, வேகத்தையும் தூரத்தையும் காட்டும் சின்ன ஸ்பீடோமீட்டர். போன் பேட்டரியின் கொள்ளளவு பல ஆயிரம் மில்லி ஆம்பியர்-மணி. மீட்டருக்குள் இருப்பதோ சிஆர்2032 என்கிற 20 மி.மீ. பட்டன் செல், சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணிதான். ஆனாலும் மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் சார்ஜர் கேட்பது போன்தான். பட்டன் செல் மாதக்கணக்கில் தாங்கும்.

முன்சக்கரத்தின் போக்ஸ் கம்பியில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு ரீட் ஸ்விட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்பு-நிக்கல் தகடுகள், நடுவில் மயிரிழை இடைவெளி. ஸ்விட்ச் என்பது அவ்வளவே. காந்தம் கடக்கும்போது தகடுகள் ஒட்டும், போனதும் விலகும். காந்தத்தை உணர்வதற்கென்று தனியாக மின்சாரம் வேண்டியதில்லை.

சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு சுமார் 2.6 சுற்று. தகடுகள் ஒட்டும் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் கிட்டத்தட்ட 380 மில்லி நொடி. வேகத்தைக் கணக்கிட மீட்டரில் உள்ள சிப்புக்கு ஓரிரு மில்லி நொடி தாராளம். மீதி நேரமெல்லாம், கேட் தட்டும் சத்தத்துக்கு மட்டும் விழிக்கிற வாட்ச்மேன் மாதிரி, அது தூங்கிக்கொண்டிருக்கும்.

தூக்கத்திலும் நேரத்தை எண்ணியாக வேண்டுமே? அதற்கு நம் கைக்கடிகாரத்தில் உள்ள அதே குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். சிப்பில் உள்ள டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் நிலை மாறும்போதுதான் மின்சாரம் செலவழிக்கின்றன. அதனால் மெதுவாக ஓடும் இந்த எண்ணும் பகுதி மைக்ரோ ஆம்பியர் அளவில் பிழைத்துக்கொள்கிறது. எல்சிடி திரையும் தானாக ஒளிர்வதில்லை, வெளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வேலூர் வெயிலில் அதற்கு என்ன பஞ்சம்! ஆனால் 5 மில்லி ஆம்பியர் இழுக்கிற, திரைக்குப் பின்னால் உள்ள விளக்கை எரியவிட்டால் அதே செல் 44 மணி நேரத்தில் காலி.

இந்த அமைப்பில் ஒரு ஓட்டை உண்டு. சைக்கிளை ஸ்டாண்டு போடும்போது காந்தம் ஸ்விட்சுக்கு நேராகவே நின்றுவிட்டால், தகடுகள் ஒட்டியபடியே இருக்கும். அந்த மின்சுற்றில் ஒரு மின்தடை (ரெசிஸ்டர்) வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். தடை 10 கிலோ ஓம் என்றால், 3 வோல்ட்டில் 0.3 மில்லி ஆம்பியர். ஒரு மாதத்தில் செல் தீர்ந்துவிடும், சைக்கிள் ஓர் அடி நகராமலேயே. தடை 1 மெகா ஓம் என்றால் அதே கணக்கு எட்டு வருஷத்தைத் தாண்டும். நல்ல மீட்டர்களில் பெரிய தடை போட்டிருப்பார்கள், அல்லது சும்மா நிற்கும்போது அந்தச் சுற்றையே துண்டித்துவிடுவார்கள். மலிவு மாடல்களை நம்ப முடியாது. நிறுத்தியதும் சக்கரத்தை அரைச் சுற்று தள்ளி வைத்தால் தீர்ந்தது பிரச்சினை.

வால்விளக்கு மினுக்குவதும் இந்தத் தூக்கத்தின் இன்னொரு வடிவம்தான். பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரியும் எல்இடி ஏறக்குறைய பத்து மடங்கு காலம் வரும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிக்காரர் கண்ணில் படுவதற்கு இது போதும். முன்விளக்கு வேறு சங்கதி: குழியைப் பார்த்து ஓட்ட, நிலையான வெளிச்சம் வேண்டும். மங்கல் முறையில்கூட அது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து எரிகிறது, கண்தான் அதைத் தொடர்ச்சியாகப் பார்க்கிறது. டயரில் உரசும் பழைய 6 வோல்ட் டைனமோவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, செலவு முழுக்க மிதிப்பவர் காலில்!

போனால் ஏன் இப்படித் தூங்க முடியவில்லை? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. தரைக்கு வரும் சிக்னல் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும். அதைத் தோண்டி எடுக்க ஓயாத கணக்கு வேண்டும். அதற்கு மேல், வெயிலோடு போட்டி போடும் பெரிய திரை. ஜவ்வாது மலைப் பக்கம் டவர் சரியாக எட்டாத இடங்களில் போன் தன் ஒலிபரப்பு சக்தியைக் கூட்டிக்கொள்வதாலும் டவரை ஓயாமல் தேடுவதாலும் பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, திரையை அணைத்துவிடலாம். ஜிபிஎஸ் சிக்னலை வாங்க மட்டுமே செய்கிறது என்பதால், பாதைப் பதிவு பெரும்பாலான போன்களில் அப்போதும் நடக்கும்.

சார்ஜ் ஏற்றும் விளக்குகளுக்கு இன்னொரு எதிரி, 40 டிகிரியைத் தாண்டும் நம்மூர் கத்திரி வெயில். லித்தியம்-அயன் பேட்டரி முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கிழடு தட்டும். காட்பாடி ஸ்டேஷனில் சைக்கிளை விட்டுவிட்டு ரயிலேறுகிறவர்கள் விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. கோடை முழுக்க ஓட்டப்போவதில்லை என்றால், பாதி சார்ஜில் வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைக்கலாம்.