இரண்டு படம், ஒரு காட்சி: ஸ்டீரியோஸ்கோப் எப்படி வேலை செய்கிறது?

விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உறவினர்கள் கூடினால், கைக்குக் கை மாறிய பொருள்களில் ஒன்று, படத்தை ஆழத்தோடு காட்டும் ஸ்டீரியோஸ்கோப். கைப்பிடி, இரண்டு லென்ஸ், அட்டையைச் செருகக் கம்பிக் கவ்வி, அவ்வளவுதான் கருவி. இந்த எளிய வடிவத்தை 1861-இல் உருவாக்கிய மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் செய்து விற்க முடிந்தது.

ஏழு அங்குல அட்டையில் பார்வைக்கு ஒன்றுபோலவே இரண்டு படங்கள் ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: இடப்படத்தில் தூணை ஒட்டி நிற்கும் ஆள், வலப்படத்தில் சற்றே விலகி நிற்பார். நம் கண்கள் சுமார் 6.5 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் காட்சி இப்படித்தான் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து மூளை ஆழத்தை உணர்கிறது. 1838-இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் இதை வெறும் கோட்டோவியங்களைக் கொண்டே நிரூபித்தார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டுதான்.

லென்ஸ்கள் செய்யும் வேலை இரண்டு. கையெட்டும் தூரத்து அட்டையைக் கண்ணுக்குச் சிரமமில்லாமல் தெளிவாகக் காட்டுகின்றன. வெளி ஓரம் தடித்திருப்பதால் ஒளியை வளைத்து, தள்ளியிருக்கும் இரு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அச்சிடும் இடத்தில் இருக்கிறது. இரட்டை லென்ஸ் கேமராவில் படங்கள் தலைகீழாக விழும். அச்சிட்டு நிமிர்த்தும்போது இடப்படம் வலப்பக்கமும் வலப்படம் இடப்பக்கமும் போய்விடும். வெட்டி, இடம் மாற்றித்தான் ஒட்ட வேண்டும். மறந்தால் ஆழம் தலைகீழாகிவிடும்: முன்னால் இருப்பது பின்னால் போகும், புடைத்திருக்கும் முகம் குழிந்து தெரியும்.

தூரம் கூடக்கூட இரு படங்களின் வித்தியாசம் வேகமாகக் குறைந்துவிடும். தொலைதூர மலையை மட்டும் எடுத்தால் அட்டை தட்டையாகவே இருக்கும். அதனால்தான் தேர்ந்த படக்காரர்கள் முன்னால் ஒரு மரக்கிளையையோ ஆளையோ சேர்த்துக்கொண்டார்கள்.

நிலாவுக்கு அந்த உத்தி போதாது. வானியலாளர் வாரன் டி லா ரூ நிலாவின் இயல்பான அசைவையே பயன்படுத்திக்கொண்டார். பூமியிலிருந்து பார்க்கும்போது அது லேசாகத் திரும்பித் திரும்பி முகம் காட்டும். வெவ்வேறு நாளில், ஒரே பிறைநிலையில் எடுத்த இரு படங்களை அவர் இணைத்தார். ஸ்டீரியோஸ்கோப்பில் நிலா உருண்டையாகவே தெரிந்தது.