மைக்ரோஅக்ரஷன்: ஓர் ஏகாரம் செய்கிற வேலை

"நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றால் பாராட்டு. "நன்றாகப் பேசுகிறீர்களே!" என்றால்?

கூடியது ஓர் ஏகாரம்தான். ஆனால் கேட்பவர் அந்த நாட்டிலேயே பிறந்து, அந்த மொழியிலேயே படித்து, அதிலேயே கனவும் காண்பவராக இருந்தால், அந்த ஏகாரத்துக்குள் ஒரு முழு வாக்கியம் ஒளிந்திருக்கும்: 'உங்கள் முகத்தைப் பார்த்ததும் இந்த மொழி உங்களுக்கு வராது என்று நினைத்துவிட்டேன்.' சொன்னவர் மனதார மெச்சித்தான் சொல்கிறார். கேட்டவரும் நன்றி சொல்லிச் சிரித்துவிட்டு நகர்கிறார். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அந்த ஏ அவர் கூடவே வருகிறது.

இதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயர்தான் மைக்ரோஅக்ரஷன். இனம், தோல் நிறம் போன்ற ஒன்றை வைத்து ஒருவரைச் சற்றே தாழ்த்துகிற, சற்றே அந்நியராக்குகிற அன்றாடப் பேச்சு, பார்வை, செய்கை எல்லாம் இதில் அடங்கும். 'சற்றே' என்பது முக்கியம். செய்பவருக்கே தெரியாமல் நடப்பதும் உண்டு என்பது அதைவிட முக்கியம். பெண்கள், உடல் குறைபாடு உள்ளவர்கள் என்று மற்றவர்களுக்கு நடப்பதையும் இன்று இதே சொல்லால் குறிக்கிறார்கள். ஆனால் சொல் பிறந்தது கறுப்பின மக்களின் அனுபவத்தில்தான்.

அதை உருவாக்கியவர் செஸ்டர் பியர்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். ஹார்வர்டு பேராசிரியர், கறுப்பினத்தவர். மாணவராக இருந்தபோது, 1947-ல், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மைதானத்திலேயே போய் அவர்களை எதிர்த்து ஹார்வர்டு அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். தென் மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே களத்தில் இறங்காத காலம் அது. வெளிப்படையான பகை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் 1970-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், பெரிய அடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் என்றார். பெரும்பாலான தாக்குதல் ஆளை முடமாக்குகிற மாதிரி வருவதில்லை, நுட்பமாக வந்து திகைக்க வைத்துவிட்டுப் போகிறது என்பது அவர் வாதம். கட்டுரைத் தலைப்பிலேயே ஒரு குறும்பு உண்டு. மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளைத் 'தற்காப்பு உத்திகள்' என்பது உளவியலில் பழகிய பேச்சு. பியர்ஸ் அதைத் திருப்பிப் போட்டு 'தாக்கும் உத்திகள்' என்று தலைப்பிட்டார். அடிபடுகிறவர் மனதைக் குடைந்தது போதும், அடிக்கிறவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம் என்கிற மாதிரி.

பியர்ஸைப் பற்றி இன்னொன்று. அண்டார்டிகாவில் ஒரு சிகரத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. உறைபனியும் தனிமையுமான அந்த இடத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களின் மனம் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர் அவர். மனிதர் எளிதில் தாங்க முடியாத சூழல்களைக் 'கடுஞ்சூழல்' என்பார்கள். 1970-களில் பியர்ஸ் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, வெள்ளையர் சமூகத்தில் கறுப்பர் வாழ்கிற சாதாரண நாளுக்கு வைத்தார்: 'அன்றாடக் கடுஞ்சூழல்'. துருவத்துக்குப் போகிறவருக்குத் திரும்பி வரும் தேதி தெரியும். இங்கே அப்படி ஒரு தேதி கிடையாது.

சொல் பிறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் ஆய்வாளர் வட்டத்தில்தான் புழங்கியது. வெளியே கொண்டுவந்தவர் கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டெரால்டு விங் சூ, 2007-ல். சீன வழி அமெரிக்கர். அவர் தன் கட்டுரையில் சொல்கிற விமானக் கதையைவிட நல்ல விளக்கம் இந்தச் சொல்லுக்குக் கிடைக்காது.

சிறிய விமானம். சூவும் கறுப்பினத்தவரான அவருடைய சக பேராசிரியரும் முதலிலேயே ஏறிவிட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றதால் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். கடைசி நேரத்தில் கோட்டு சூட்டோடு மூன்று வெள்ளையர்கள் ஏறி, இவர்களுக்கும் முன்னால் அமர்ந்தார்கள். விமானம் கிளம்பும் முன், எடையைச் சமமாக்க வேண்டும், பின்னால் போய் உட்காருகிறீர்களா என்று பணிப்பெண் கேட்டார். யாரிடம்? கடைசியில் வந்த மூவரிடம் அல்ல, இந்த இருவரிடம். எழுந்து போய் உட்கார்ந்துவிட்டார்கள். சூவால் அடக்க முடியவில்லை. பிறகு அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டார். அவர் துடித்துப்போனார். நான் நிறமெல்லாம் பார்ப்பதில்லை, உங்களுக்குக் கொஞ்சம் இடமும் தனிமையும் கிடைக்கட்டுமே என்றுதான் சொன்னேன் என்றார்.

பணிப்பெண் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. சூவும் கற்பனை செய்யவில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடிய இடத்தில்தான் இந்தச் சொல் நிற்கிறது.

சூ இதை மூன்றாகப் பிரித்தார். தெரிந்தே செய்யும் சிறு தாக்குதல் ஒன்று. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பழைய இனவெறிதான், அளவில் சிறியது. தெரியாமல் வந்து விழும் இழிவு இரண்டாவது. "உங்களுக்கு எப்படி இந்த வேலை கிடைத்தது?" என்ற வியப்பு இந்த வகை. மூன்றாவதுதான் என் கணக்கில் மிகவும் வலிப்பது: பட்டவரின் அனுபவத்தையே இல்லை என்று சொல்லிவிடுவது. "அட, அவர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார்", "நீங்கள்தான் எல்லாவற்றையும் பெரிசுபடுத்துகிறீர்கள்", "எனக்கு எல்லோரும் ஒன்றுதான்". முதல் அடி எங்கிருந்தோ வரும். இந்த இரண்டாவது அடி பெரும்பாலும் நண்பரிடமிருந்து வரும்.

இன்னொரு உதாரணத்தைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். "எந்த ஊர்?" இதில் ஒரு தப்பும் இல்லை. பிறந்து வளர்ந்த ஊரைச் சொல்கிறார். "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" முதலாவது கேள்வி. இரண்டாவது கேள்வி மாதிரி வேடம் போட்ட தீர்ப்பு. நீ சொன்ன ஊர் உன்னுடையது அல்ல, உன் முகத்துக்கு வேறு ஊர் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சுருக்கம். 'உண்மையில்' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் வழக்கே இல்லை. கேட்டவர் அதை ஆர்வம் என்பார். ஆர்வமாகவே இருக்கட்டும். அதே நபருக்கு அது அந்த மாதத்தில் எத்தனையாவது ஆர்வம் என்பதைக் கேட்டவர் அறிய வழியில்லை.

மனச்செலவு இங்கேதான் தொடங்குகிறது. நேரடியாகத் திட்டினால் கோபப்படலாம், திருப்பிக் கொடுக்கலாம், நாலு பேரிடம் சொல்லி அழலாம். இதில் முதலில் வருவது கோபம் இல்லை, கணக்கு. அவர் அப்படித்தான் சொன்னாரா? என் நிறத்தாலா, நான் போட்டிருந்த உடையாலா, அவருக்கே அன்று நாள் சரியில்லையா? கேட்டால் 'தொட்டால்சிணுங்கி' என்று பெயர் வரும். கேட்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. சொன்னவருக்கு அரை நொடியில் முடிந்த விஷயத்தைக் கேட்டவர் அரை நாள் சுமக்கிறார். அப்புறம் அடுத்த முறைக்கு முன்கூட்டியே தயாராகிறார்: குரலைத் தாழ்த்துவது, கடையில் கையைப் பைக்குள் விடாமல் இருப்பது, பெயரைத் தானே சுருக்கிச் சொல்லிவிடுவது. அடி விழாத நாளிலும் உடம்பு அடிக்குத் தயாராகவே இருக்கிறது.

இந்தச் சோர்வுக்கும் ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வில்லியம் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000-களில் இதைப் போர்க்களத்துச் சிப்பாயின் களைப்போடு ஒப்பிட்டு 'இனப் போர்க்களைப்பு' என்றார். அவருக்கும் முன்னால், 1992-ல், பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் வயதுக்கு முன்பே தேய்வதைப் பார்த்து, வெயிலும் மழையும் பாறையைத் தின்பதைக் குறிக்கும் 'வெதரிங்' என்ற ஆங்கிலச் சொல்லை அதற்குக் கொடுத்தார். பாகுபாடும் வறுமையும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உடம்பின் மேல் படிவதைத்தான் அவர் சொன்னார். பாறை என்றதும் 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' ஞாபகம் வருகிறது. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக, எறும்பைப் புகழ்ந்தே அதைச் சொல்லி வந்திருக்கிறோம். கல்லின் பக்கம் நின்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

சரி, தமிழில் இதை என்னவென்று சொல்வது?

நம்மிடம் சொல்லே இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. குத்தல், சாடை, இடித்துப் பேசுதல், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது. இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்றே ஒன்று உண்டு, புகழ்வது போல இகழ்வது. எல்லாம் கிட்டே வந்து நின்றுவிடுகின்றன. காரணம், இவை அத்தனையிலும் பேசுகிறவருக்குத் தான் செய்வது தெரியும். ஊசி ஏற்றுகிறவர் தெரிந்துதான் ஏற்றுகிறார். பழத்தில் ஊசி இருப்பதே தெரியாமல் அன்போடு நீட்டுகிறவருக்கு நம்மிடம் பெயர் இல்லை. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று சொல்கிறவர் திட்டுவதாகவா நினைக்கிறார்? அந்த 'இருந்தாலும்' என்ன வேலை செய்கிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்ப்போம். 'மைக்ரோ' கிரேக்கத்தில் சிறியது. 'அக்ரஷன்' லத்தீனிலிருந்து வந்தது: ஒருவரை நோக்கி அடி எடுத்து வைப்பது என்பதே மூலப்பொருள். பிறகுதான் அது பாய்ச்சல், தாக்குதல் என்று ஆனது.

தானியங்கி மொழிபெயர்ப்பைக் கேட்டால் 'நுண் ஆக்கிரமிப்பு' என்று கொடுக்கலாம். படிக்கிறவருக்குப் புறம்போக்கு நிலமும் இடிப்பு வண்டியும்தான் கண்ணில் வரும். 'நுண்வன்மம்' அழகான சொல், ஆனால் வன்மம் என்பது உள்ளே வைத்துப் புழுங்கும் பகை. விமானப் பணிப்பெண்ணுக்கு வன்மம் இருந்ததாக யார் சொல்ல முடியும்? 'நுண்வன்முறை', 'நுண்தாக்குதல்' இரண்டும் அதே சிக்கலில் மாட்டுகின்றன, ஓங்கிய கை ஒன்று தேவைப்படுகிறது. 'உரசல்' என்றால் இரண்டு பக்கமும் சமம் என்றாகிவிடும்.

எனக்குப் பிடித்தது 'நுண் அத்துமீறல்'. அத்து என்றால் எல்லை. எல்லையைத் தெரிந்தும் தாண்டலாம், தெரியாமலும் தாண்டலாம். தாண்டியதா இல்லையா என்பது காலடியைப் பொறுத்தது, மனதைப் பொறுத்தது அல்ல. லத்தீன் வேரில் இருக்கிற அந்த 'அடி எடுத்து வைப்பது'கூட இதில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறை ஒன்று உண்டு. செய்திகளில் அத்துமீறல் என்றால் எல்லைப் படையோ பாலியல் குற்றமோதான். முன்னால் 'நுண்' இருப்பதால் குழப்பம் குறையும் என்று நம்புகிறேன். இலக்கணப்படி 'நுண்ணத்துமீறல்' என்று சேர்க்க வேண்டும். சேர்த்தால் வாய் தடுக்குகிறது, பிரித்தே எழுதலாம்.

'குறு', 'சிறு' என்று போடாமல் 'நுண்' என்பதற்கும் காரணம் இருக்கிறது. சிறு என்றால் அற்பம் என்று தள்ளிவிடலாம். நுண் அப்படி அல்ல. நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியாது, படுக்கையில் தள்ளிவிடும்.

இந்தச் சொல்லுக்கே எதிர்ப்பும் உண்டு. 2017-ல் உளவியலாளர் ஸ்காட் லிலியன்ஃபெல்ட், இந்த ஆய்வுகளில் போதிய சான்று இல்லை, இதை வைத்து நடத்தும் பயிற்சிகளை நிறுத்தி வைக்கலாம், சொல்லையே கைவிடலாம் என்று எழுதினார். எது இதில் சேரும், எது சேராது என்று யார் முடிவு செய்வது என்ற அவர் கேள்வி நியாயமானது. அதே ஆண்டில்தான் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆங்கிலத்தின் 'ரேசிசம்' என்பதற்கு நாம் பழக்கத்தில் 'இனவெறி' என்கிறோம். வெறி என்றால் கண் சிவக்க வேண்டும், நரம்பு புடைக்க வேண்டும். புன்னகையோடு 'நன்றாகப் பேசுகிறீர்களே' என்கிறவரிடம் போய் இது இனவெறி என்றால், "நானா? வெறியனா?" என்று அவர் திடுக்கிடுவதில் நியாயம் இருக்கிறது. பேச்சு அத்தோடு முடிந்தது, இனி அவரைச் சமாதானப்படுத்துவது பட்டவரின் வேலை. வெறிக்கு வெறி என்ற பெயர் இருக்கட்டும். இந்த நுட்பமான வகைக்கு 'இனப் பாரபட்சம்' போதும், அதன் அன்றாட வடிவத்துக்கு 'இனம் சார்ந்த நுண் அத்துமீறல்'.

எழுதும்போது ஒன்று மட்டும் கவனிக்கலாம். 'அவர் அத்துமீறினார்' என்று வினையாக்கினால் ஆள் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவார். பெயர்ச்சொல்லாகவே வைத்துக்கொண்டால் பேச்சு நடந்ததைப் பற்றியதாக இருக்கும்: "கூட்டம் முடிந்ததும் என்னிடம் காலிக் கோப்பையை நீட்டினீர்கள், நான்தான் அன்றைக்குப் பேச வந்தவள். தெரியாமல் செய்தீர்கள் என்பது தெரியும். ஆனாலும் அது ஒரு நுண் அத்துமீறல்."