கார்புரேட்டர் பெரிதானால் எஞ்சின் பெரிதாகாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது கார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி விரலில் தடவிப் பார்த்தேன். எஞ்சின் ஆயில் தண்ணீர்போல் வழிந்தது. மூக்கருகே கொண்டுபோகும் முன்பே பெட்ரோல் வாடை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் கரிக்கட்டை. "28 மில்லிமீட்டர் கார்புரேட்டரை எடுத்துவிட்டு 34 போட்டிருக்கிறேன். ஆனாலும் மேட்டில் இழுக்கவில்லை" என்றார் உரிமையாளர். ஆனாலும் இல்லை ஐயா, அதனால்தான்.

கார்புரேட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும் சாதனம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது எதையும் ஊற்றுவதில்லை. காற்றை இழுப்பது பிஸ்டன். அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகலான தொண்டையில் விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஜெட் என்ற சிறு துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தூவுகிறது. தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் சீறும், விரலை எடுத்தால் காலடியில் விழும். பெரிய கார்புரேட்டர் போடுவது விரலை எடுப்பது. தொண்டையின் விட்டம் 28 மில்லிமீட்டரிலிருந்து 34 ஆனால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அதே அளவு காற்று போகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உறிஞ்சும் விசையோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

எஞ்சினின் பசி மட்டும் மாறவில்லை. 1,100 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில், சிலிண்டர்கள் முழுக்க நிரம்பினாலும், சுமார் 3,000 லிட்டர் காற்றுதான் இழுக்கும். பழைய எஞ்சின் அந்த அளவைக்கூட எட்டாது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட், புகைபோக்கி எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியவருக்குப் பெரிய கார்புரேட்டர் நியாயமான தேவை. அவரிடம் எனக்குச் சண்டை இல்லை.

திணறலை மறைக்க அடுத்து ஜெட்டைப் பெரிதாக்குவார்கள். இவரும் இரண்டு முறை மாற்றியிருந்தார். அப்போது தேவைக்கு மேல் பெட்ரோல் போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். பிறகு பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று புலம்பி என்ன பயன்?

வண்டி இழுக்கவில்லையா? முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பாருங்கள். வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), ஏர் ஃபில்டர், மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் (காற்றுக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து அடைப்பு) காற்றுக் கசிவு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். இதில் பாதிப் பேருக்குக் கார்புரேட்டர் ஆசையே போய்விடும். ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால், டிப்ஸ்டிக்கை இன்றே முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வேறு வண்டியின் கார்புரேட்டரைப் பொருத்தும்போது ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து வரும் திராட்டில் கேபிள் கோணலாக நிற்கும். பானெட்டை மூடினால் கார்புரேட்டரின் நெம்புகோல் அதில் இடிக்கும். எஞ்சினை ஓட விடுவதற்கு முன், பானெட்டை மூடிவிட்டு ஒருவர் பெடலை முழுக்க மிதித்துச் சட்டென்று விடட்டும். பெடல் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இவருடைய காரில் பாதியில் நின்றது. "ஷூ நுனியால் தூக்கிவிட்டால் போதும்" என்று அவர் சொன்னபோது, சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.