கடவுச்சொல்: சொல்லும் கடவும்

'பாஸ்வேர்டு' என்பதற்குத் தமிழில் நிலைபெற்றுவிட்ட சொல் கடவுச்சொல். 'கட' என்ற வினையடியிலிருந்து பிறந்தது கடவு. கடந்து செல்லும் வழி, கடக்கும் இடம் என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழில் சாலையை நடந்து கடக்கும் இடம் பாதசாரிக் கடவை. மலையாளத்தில் படகுத்துறைக்கு இன்றும் 'கடவு' என்றே பெயர். நாட்டின் எல்லையைக் கடக்க உதவும் சீட்டு கடவுச்சீட்டு ஆனது போல, கணினிக்குள் கடந்து போக உதவும் சொல் கடவுச்சொல் ஆயிற்று.

பலர் 'கடவுசொல்' என்று எழுதுகிறார்கள். அது பிழை. கடவு என்பதன் ஈற்றில் இருப்பது முற்றியலுகரம். பொதுக்கூட்டம், உணவுப்பொருள் போல இங்கும் வல்லினம் மிகும்.

'மறைசொல்', 'ரகசியச் சொல்' என்றும் சிலர் வழங்குகிறார்கள். அவை அந்தச் சொல்லை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கின்றன. அது எதற்குப் பயன்படுகிறது என்று சொல்வதில்லை. கடவுச்சொல் அதைச் சொல்கிறது, அதனால் இதுவே பொருத்தமான ஆக்கம். அதில் கடவு ஒன்று, சொல் ஒன்று என இரண்டு பகுதிகள் இருப்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், லினக்ஸ் இயங்குதள நிர்வாகத்தில் அடிக்கடி நேரும் ஒரு பெரிய தவற்றைத் தவிர்க்கலாம்.

சொல்லின் பழைய வீடு படைமுகாம். ரோமானியப் படையில் ஒவ்வொரு மாலையும் அன்றிரவுக்குரிய சொல்லை மரப்பலகையில் எழுதிப் பிரிவு பிரிவாகக் கைமாற்றியதையும், இருட்டுவதற்குள் அந்தப் பலகை அதிகாரியிடம் திரும்பியாக வேண்டும் என்ற விதியையும் கி.மு. 2ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரிக்கிறார். கணினிக்கு இது வந்தது 1960களின் தொடக்கத்தில். எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் அமைப்பில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். அவரவர் கோப்பைப் பிரித்துக் காக்க ஆளுக்கொரு சொல் தேவைப்பட்டது.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ், 'பாஸ்வேர்டு' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளை உதிர்த்துவிட்டு 'பாஸ்வ்ட்' என்று கட்டளைக்குப் பெயரிட்டது. அமைவுக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் உள்ள கணக்குக் கோப்புக்கும் அதே பெயர். பெயருக்கு மாறாக, இன்று அந்தக் கோப்பில் கடவுச்சொல் கிடையாது. பயனர் எண்ணைப் பெயராக மாற்றிக் காட்ட 'எல்எஸ்' போன்ற சாதாரணக் கட்டளைகளும் அதைப் படித்தாக வேண்டும். ஆகவே அது எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. முன்பு குறியாக்கப்பட்ட கடவுச்சொல்லும் அதில்தான் இருந்தது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு சொல்லோடும் 12 பிட் 'உப்பு' எனும் தற்செயல் எண்ணைக் கலந்து, முன்கூட்டியே கணித்துவைத்த பட்டியலை வைத்து உடைப்பதைக் கடினமாக்கும் முறையை விளக்கியது. கணினிகள் வேகம் பெறப் பெற அது போதாமல் போய், அந்தப் பகுதி ரூட் எனும் முழு அதிகாரக் கணக்கின் உரிமையோடு மட்டுமே படிக்கக்கூடிய 'ஷேடோ' கோப்புக்குப் போனது. பழைய கோப்பில் அதன் இடத்தில் 'எக்ஸ்' என்ற ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. ஷேடோவை 'நிழற்கோப்பு' என்று தாராளமாகச் சொல்லலாம்.

நிழற்கோப்பின் ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட 9 புலங்கள் உண்டு. மூன்றாவது புலம், கடவுச்சொல் கடைசியாக மாற்றப்பட்ட நாள். அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படுகிறது. 20000 என்றிருந்தால் 2024 அக்டோபர் 4. ஐந்தாவது புலம் அதிகபட்ச ஆயுள். இதில் பெரும்பாலும் 99999 இருக்கும். 273 ஆண்டுகளுக்கு மேல், அதாவது காலாவதியே இல்லை. இந்த எண்களைக் கையால் திருத்தாதீர்கள். பார்க்கவும் மாற்றவும் 'சேஜ்' கட்டளை இருக்கிறது. 'சேஞ்ச்', 'ஏஜ்' இரண்டையும் நெருக்கி எழுதியது. நடுவில் 'என்' என்ற ஆங்கில எழுத்து வராது. கட்டளையின் பின்னே '-l' என்று இடும் சிறிய எல் விருப்பத்தோடு பயனர் பெயரைக் கொடுத்தால் அவருடைய தேதிகள் அனைத்தையும் காட்டும்.

இனி அந்தத் தவறு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூட, பாஸ்வ்ட் கட்டளையைச் சிறிய எல் விருப்பத்தோடு இயக்குகிறார்கள். அது செய்வதெல்லாம் நிழற்கோப்பில் குறியாக்கத்தின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறியை இடுவதுதான். சொல் பூட்டப்பட்டது, கடவு திறந்தே கிடக்கிறது. கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை அவர் முன்பே பதித்து வைத்திருந்தால், நுழைவைச் சரிபார்க்கும் பிஏஎம் வழக்கமான அமைப்பில் இருக்கும்போது அப்படியே உள்ளே வரலாம். கடவையே மூட, கணக்கைக் காலாவதியாக்க வேண்டும்: சேஜ் கட்டளையில் பெரிய ஈ விருப்பத்துக்கு 1 கொடுங்கள். அப்போதும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியேறமாட்டார். 'பிகில்' கட்டளையில் சிறிய யு விருப்பத்தோடு அவர் பெயரைக் கொடுத்து, ஓடும் செயல்களை நிறுத்த வேண்டும். பூட்டுவதாக நினைத்துப் பாஸ்வ்ட் கட்டளையில் சிறிய டி விருப்பத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அது கடவுச்சொல்லையே அழித்து அந்தப் புலத்தைக் காலியாக்கிவிடும்.

புதுக் கணக்கிலும் ஒரு குழி உண்டு. 'யூசர்ஆட்' கட்டளையின் சிறிய பி விருப்பம் குறியாக்கப்பட்ட வடிவத்தைத்தான் எதிர்பார்க்கிறது. அங்கே வெறும் கடவுச்சொல்லைத் தட்டினால் அது அப்படியே நிழற்கோப்பில் பதிவாகும். பயனர் நுழையவும் முடியாது, சொல்லும் கட்டளை வரலாற்றில் தங்கிவிடும். கணக்கை முதலில் உருவாக்கி, பாஸ்வ்ட் கட்டளையால் தற்காலிகக் கடவுச்சொல் இட்டு, சேஜ் கட்டளையின் சிறிய டி விருப்பத்துக்கு 0 கொடுங்கள். முதல் நுழைவிலேயே அதை மாற்றச் சொல்லிக் கேட்கும்.

'பாஸ்வேர்டு பாலிசி' என்பதைக் 'கடவுச்சொல் கொள்கை' என்று பெயர்ப்பது வழக்கம். கணினி கறாராகச் செயல்படுத்துபவை விதிகள். ஆகவே 'கடவுச்சொல் விதிகள்' என்பதே தெளிவு. இந்த விதிகள் ஒரே இடத்தில் இல்லாததுதான் குழப்பம். ஆயுள் பற்றிய எண்களை 'லாகின்.டெஃப்ஸ்' கோப்பில் மாற்றினால், அதன்பின் உருவாகும் கணக்குகளுக்கு மட்டுமே அவை பொருந்தும். பழைய கணக்குகளை ஒவ்வொன்றாகச் சேஜ் கொண்டு மாற்ற வேண்டும். நீளமும் எழுத்து வகையும் 'பிடபிள்யூகுவாலிட்டி' கோப்பில் இருக்கின்றன. அங்கே இலக்கத்துக்கான மதிப்பாக -1 என்று எழுதினால் ஓர் இலக்கமாவது கட்டாயம். 1 என்று எழுதினால் அதற்கு நேர்மாறாக, இலக்கம் சேர்ப்பவருக்கு நீளத்தில் சலுகை.

90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பழக்கத்தை அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிர்ணய நிறுவனமே 2017இல் கைவிடச் சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டுகிறார்கள். தணிக்கைக்காக அந்த விதியை இட்டே ஆகவேண்டும் என்றால் மூன்றாவது புலத்தை முதலில் பாருங்கள். 200 நாளுக்கு முன் மாற்றிய ஒருவருக்கு ஆயுள் 90 என்று வைத்த கணமே அவருடைய சொல் காலாவதியாகும். மனிதர் புதிதாக இட்டுக்கொள்வார். காப்புப்பிரதி எடுக்கும் சேவைக் கணக்கு அப்படிச் செய்யாது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் அதன் கிரான் பணிகள் பிஏஎம் பிழையோடு நின்றுவிடும், தகவல் பதிவுக்கோப்பில் மட்டும் கிடக்கும். அத்தகைய கணக்குகளுக்குச் சேஜ் கட்டளையின் பெரிய எம் விருப்பத்தில் -1 இட்டு விதிவிலக்குக் கொடுங்கள்.