நூல்கண்டு பூனைக்கு விளையாட்டுச் சாமான் அல்ல

இந்த வாரமும் ஒரு பூனையின் குடலிலிருந்து நூல் எடுத்தோம். இளம் கடுவன். அதுவரை எந்த நோயும் இல்லாதது. இரண்டு நாளாக வாந்தி, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்று கொண்டுவந்தார்கள். வாயைத் திறந்து, தாடைக்குக் கீழிருந்து கட்டைவிரலால் அழுத்தி நாக்கைத் தூக்கிப் பார்த்தால், அடியில் சிவப்புக் கம்பளி நூல். நாக்கைச் சுற்றி மாட்டி, சதையை அறுத்துக்கொண்டு உள்ளே பதிந்திருந்தது. மறுமுனை வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் போய்விட்டது. காட்டியபோது, "டாக்டர், அது எப்போதும் விளையாடுகிற நூல்கண்டுதானே!" என்றார்கள்.

அந்த 'எப்போதும் விளையாடுகிற' என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பூனை படம் என்றாலே பக்கத்தில் ஒரு கம்பளி நூல்கண்டைப் போட்டுவிடுகிறார்கள். காலண்டர், வாழ்த்து அட்டை, குழந்தைகள் புத்தகம், எதை எடுத்தாலும் அதே படம். பார்த்துப் பார்த்து, பூனைக்கென்றே செய்த பொருள் அது என்று நம் மனதில் பதிந்துவிட்டது. நூல், ரிப்பன், நாடா, பரிசுப் பொட்டலத்தில் சுற்றி வரும் ஜரிகைக் கயிறு, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்ட், இவற்றில் எதுவும் பூனையிடம் தனியாக விடத் தக்கதல்ல.

இதைச் சொன்னதும் ஒரு பதில் வரும். "பூனை கெட்டிக்காரப் பிராணி, வேண்டாததைத் துப்பிவிடும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து உங்கள் பூனை கையை நக்கும்போது கவனியுங்கள். உப்புத்தாள் போல உரசுகிறதல்லவா? நாக்கின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின். எல்லா முட்களும் தொண்டையைப் பார்த்தே வளைந்திருக்கும். ரோமத்தைச் சீவிக்கொள்ளவும், எலும்பில் ஒட்டிய இறைச்சியைச் சுரண்டவும் இயற்கை கொடுத்த அமைப்பு அது. நூல் அதில் ஒருமுறை சிக்கினால், நாக்கு அசையும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உள்ளேதான் போகும். பூனை துப்ப முயல்வதைப் பார்த்திருக்கிறேன். தலையை உதறும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். ஆனால் கையைக் கொண்டு பிடித்து இழுக்க அதனால் முடியாது. கடைசியில் விழுங்கிவிடும். அது பேராசையும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. அதன் வாயின் அமைப்பே அப்படி.

"இத்தனை வருஷமாக விளையாடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்பது அடுத்த பதில். அறுவை சிகிச்சை மேசைக்கு வரும் பூனைகள் எல்லாமே முந்தின நாள் வரை ஒன்றும் ஆகாத பூனைகள்தான்.

உள்ளே போன நூல் ஒரு பந்து போல உருண்டு வெளியே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ளும். குடல் மறுமுனையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நூல் நகராது. அதனால் குடல்தான் நூலின் மேல் ஏறி, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் துணி கூடுவது போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். விறைப்பான நூல் அந்த மடிப்புகளை உள்ளிருந்தே அறுக்கும். குடல் ஓட்டையானால் உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றறைக்குள் கசியும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம். எக்ஸ்ரேயில் ஊசி பளிச்சென்று தெரியும், நூல் தெரியாது. கூடிப்போன குடலையும் அதில் விட்டுவிட்டுத் தெரியும் காற்றுக் குமிழ்களையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனும் உதவும். அறுவை சிகிச்சையிலும் ஒரே இடத்தில் திறந்து உருவிவிட முடியாது. பல நேரம் குடலைப் பல இடங்களில் திறந்து, துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்கிறோம்.

ஆகவே ஒன்றை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். ஒரு விரற்கடை அளவு கூட இழுக்காதீர்கள். உள்ளே அது எங்கே மாட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இழுக்கும் இழுப்பில் குடல் அறுபடலாம்.

சரி, அப்படியானால் பூனைக்கு எதைக் கொடுப்பது?

பூனைக்கு விளையாட்டு என்பது வேட்டை. முறைத்துப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, பாய்வது, கவ்விக்கொண்டு பின்னங்கால்களால் உதைப்பது, இந்த வரிசை நிறைவேறினால் அதற்குத் திருப்தி. கோலில் கட்டிய இறகு இதற்கு மிக நல்லது. ஆனால் நீங்கள் மறுமுனையைப் பிடித்திருக்கும்வரைதான். ஆடி முடித்ததும் கதவுள்ள அலமாரியில் வையுங்கள். சோபாவின் மேல் போட்டுவிட்டுப் போனால் அதுவும் நூல்தான். ஆட்டும்போது இரை ஓடுவது போல பூனையை விட்டு விலக்கி ஆட்டுங்கள். எலி தானாகப் பூனையின் முகத்தை நோக்கி வராது. முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டு, "எங்கள் பூனைக்கு விளையாடவே தெரியவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும். அப்படி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. முடிவில் அது பிடித்துக் கடிக்கட்டும். அப்புறம் உணவு வையுங்கள்.

தனியாக விடும் சாமான் முழுதாக வாய்க்குள் போகாத அளவில் இருக்க வேண்டும். கட்டிப்பிடித்து உதைக்க, முன்னங்கை நீளத்தில் கெட்டித் துணியில் தைத்த பொம்மை நல்லது. வாங்கியதும் ஒட்டியிருக்கும் கண், மூக்கு, மணி, வால் எல்லாவற்றையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். உங்கள் விரலுக்கு வருவது அதன் பல்லுக்கும் வரும். கடித்தால் பிய்யும் ஸ்பாஞ்சுப் பந்து வேண்டாம். பட்டன் பேட்டரி போட்டு ஓடும் பொம்மையில் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உணவுக்குழாயில் தங்கிய பேட்டரி சில மணி நேரத்தில் அதைப் புண்ணாக்கிவிடும். காந்தம் உள்ள எதுவும் வேண்டவே வேண்டாம். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும்.

லேசர் ஒளியைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். கண்ணில் படக் கூடாது என்பது எல்லாரும் அறிந்ததே. ஓடுகிறது, பிடிக்க ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு உறுத்தும் விஷயம். சில பூனைகள் அதன்பின் நிழலையும் சுவரில் விழும் வெளிச்சத்தையும் துரத்திக்கொண்டே இருக்கின்றன. பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசியில் ஒளியை ஒரு பொம்மையின் மேலோ தின்பண்டத்தின் மேலோ நிறுத்துங்கள்.

கையையும் காலையும் விளையாட்டுச் சாமான் ஆக்காதீர்கள். குட்டி கடிக்கும்போது சிரிப்பாக இருக்கும். அதே பழக்கம் வளர்ந்த பூனைக்கு வந்தால் கடி ஆழமாக இறங்கும், சீழ் பிடிக்கும். பூனைகளைக் கிறங்கவைக்கும் கேட்னிப் என்ற மூலிகை வைத்த பொம்மைக்கு உங்கள் பூனை அசையவில்லை என்றால் கவலை வேண்டாம். அதற்குக் கிறங்குவது பரம்பரையாக வரும் குணம், சில பூனைகளுக்குக் கிடையாது. பிறந்து சில மாதமே ஆன குட்டிகளிடமும் அது தென்படாது. வயதான பூனை விளையாட மறுத்தால் மட்டும் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். மூட்டு வலியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். தரையோடு மெதுவாக நகரும் சாமானைக் கொடுத்துப் பாருங்கள்.

காசு செலவழிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அட்டைப்பெட்டி, கைப்பிடி வெட்டிய காகிதப் பை, கசக்கிய காகித உருண்டை, உள்ளே தீனி வைத்த அட்டைக் குழல், இவை போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல், இரண்டு மூன்றை மட்டும் வெளியே வைத்து சில நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழசும் புதுசாகிவிடும்.

நூலோ ரிப்பனோ விழுங்கியதைப் பார்த்தாலும், பார்க்காமல் காணாமல் போயிருந்தாலும், வாந்திக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரை அழையுங்கள். வீட்டில் உப்போ ஹைட்ரஜன் பெராக்சைடோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இரண்டுமே பூனைக்கு ஆபத்து. எண்ணெய் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால் வழியில் சாப்பாடு கொடுக்காதீர்கள். மீதமிருக்கும் நூலையோ பொம்மையையோ கையோடு எடுத்துவாருங்கள். எவ்வளவு நீளம் குறைகிறது, ஊசி கோத்திருந்ததா, கடைசியாக எப்போது முழுதாகப் பார்த்தீர்கள், இந்த மூன்றையும்தான் நாங்கள் முதலில் கேட்போம்.